ஈகையும் ஒப்புரவும்

(ஓசூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு. அன்பர் பலர் வேண்டியவாறு ஈண்டு வெளியிடப்படுகின்றது.)



வறியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம் சங்கம் ஆற்றத்தக்க உதவி யாது என்பதுபற்றிச் சில சொற் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். யான் தமிழ் கற்பித்து வயிறு வளர்ப்பவன், பொருணூல் கற்றவனல்லேன். எனினும் இருபதாண்டுகளாக இவ்வெல்லைப்புறத்துப் பள்ளிகளில் வருகைப்பதிவேட்டைக் கையிலேந்தி நிற்பவன் ஆதலின், எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் நின்றுபோகின்றது, ஏன் நின்றுபோகின்றது என்பதை ஒருவாறு அறிவேன். அவ்வறிவு ஒன்றையே முதலாகக் கொண்டு பேசத் துணிந்தேன். இடையே கசப்பான சொல் ஏதேனும் வருமாயின், உங்கள் மக்களுக்கு எழுத்தறிவித்தவன் என்னும் உரிமையால் வந்ததென்று கொண்டு பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நம் சங்கம் ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சூன் திங்களில் குறிப்பேடுகளும் பைகளும் வழங்குகின்றது. பொதுத்தேர்வில் மிக்க மதிப்பெண் பெற்றார்க்குக் கேடயமும் பணமும் அளிக்கின்றது. விழா நாளில் அன்னதானம் நடத்துகின்றது. இவை நற்செயல்களே, இவற்றைக் குறைகூற வந்தேனல்லேன். ஆயினும் திருக்குறள் கற்பிக்கும்போது மாணவர் என்னை ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23-ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் பிறர்க்கு உதவுவதைத்தானே கூறுகின்றன, ஒரே பொருளுக்கு இரண்டு அதிகாரம் எதற்கு என்பதே அக்கேள்வி. சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளிவிடத்தக்கதன்று அது. ஈகை என்பது உடையான் ஒருவன் இல்லான் ஒருவன் கையில் ஒரு பொருளை வைப்பது. ஒப்புரவு என்பதோ ஊரோடு ஒத்து வாழும் நெறி. அதற்கு வள்ளுவர் காட்டிய உவமைகளை எண்ணிப் பாருங்கள்: ஊரார் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், வேர் முதல் இலை வரை மருந்தாகும் மரம். இவற்றுள் எதுவும் கொள்வாரை மேடைக்கு அழைத்து நிறுத்துவதில்லை. நீ யார் மகன் என்று கேட்பதுமில்லை. நாம் செய்துவருவது பெரும்பாலும் ஈகை. ஒப்புரவுக்கு நம்மிடம் ஏற்பாடு ஒன்றும் இல்லை என்பதே யான் இன்று கூற விரும்புவது.

நாம் வாழும் நாடு எத்தகையது என்பதைச் சிறிது நினைவூட்டுகின்றேன். பழைய சேலம் மாவட்டத்தினின்று 1965-இல் தருமபுரி பிரிந்தது. தருமபுரியினின்று 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. அதியமான் ஆண்ட தகடூர் நாட்டின் வடபுறம் இது. நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த கதையை நாம் மேடைதோறும் கூறிப் பெருமிதம் கொள்கின்றோம். ஆயின் வானம் பார்த்த புன்செய்யும், கேழ்வரகும், புளியும், மாவும், கல்லும் தவிர இந்நாட்டுக் குடியானவனுக்கு நெடுங்காலம் வேறு வாழ்வு இருந்ததில்லை. 1970-களின் இறுதியிலும் அதனை அடுத்த பத்தாண்டிலும் ஓசூரின் நிலை மாறியது. சிப்காட் வளாகம் தோன்றிற்று. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் எழுந்தன. அண்மையில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு வடநாட்டிலிருந்தும் பெண்மக்கள் வந்து தொழில் செய்கின்றனர். 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. நம்மவருள் பலர் இவ்வளர்ச்சியாலேயே மனையும் வாடகை வீடும் உடையராயினர். ஆயின் ஓசூரிலிருந்து தளிக்கோ, தேன்கனிக்கோட்டை வழியே அஞ்செட்டிக்கோ பேருந்தேறிச் செல்வீராயின் வேறோர் உலகம் காண்பீர். மலைக்கிராமங்களில் பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மாலையிடும் வழக்கம், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

ஆலைகளின் அடியிலும் அதே வறுமை இருக்கின்றது. ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலி பெறுவோர், மாங்கூழ் ஆலையில் ஆண்டுக்குச் சில மாதமே வேலையுடையோர், கல்குவாரியில் உடைப்போர், பசுமைக்குடில்களில் ரோசாப்பூப் பறிப்போர் ஆகிய இவர்தம் மக்களே என் வகுப்பில் அமர்ந்திருப்பவர். அவருள் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு, கன்னடம், உருது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்துள்ளன. ழகரம் அவர் நாவில் ஏறுவதற்கு யான் படும்பாடு தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியது. அதனை இங்கு விடுக்கின்றேன்.

நிற்க. அரசு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் கூறற்க. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது, 1956-இல் காமராசர் அதனை நாடெங்கும் பரப்பினார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-இல் காலையுணவும், அரசுப்பள்ளியிற் பயின்று கல்லூரி புகும் பெண்களுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாயும் வந்தன. பாடநூல், சீருடை, மிதிவண்டி, பேருந்துச் சலுகை என்று இன்னும் பல. அங்ஙனமிருந்தும் பிள்ளைகள் நின்றுபோவானேன்? இக்கேள்விக்கு விடை காணாமல் நாம் எத்தனை பை வழங்கினும் பயன் சிறிதே.

என் மாணவி ஒருத்தியின் செய்தியைக் கூறுகின்றேன். பெயரும் ஊரும் வேண்டா. ஒன்பதாம் வகுப்பிற் பயின்றாள். செய்யுள் மனப்பாடம் ஒப்பிப்பதில் அவளுக்கு நிகர் அவ்வகுப்பில் இல்லை. தந்தை கல்லுடைப்பவர். தூசு நெஞ்சிற் சென்று இருமல் முற்றி, ஒரு நாள் மூச்சுத்திணறித் தனியார் மருத்துவமனை ஒன்றிற் சேர்க்கப்பட்டார். அரசுக் காப்பீட்டு அட்டை உண்டு. ஆயினும் அந்த நள்ளிரவில் அதனைத் தேடியெடுத்துக் காட்டி வாதாட அவ்வீட்டில் ஆளில்லை. எண்பதாயிரம் ரூபாய் கடனாக வாங்கினார்கள். வட்டி நூற்றுக்கு மாதம் ஐந்து. நம்மூர் வழக்கில் "அஞ்சு வட்டி". மாதம் ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய் வட்டியே செலுத்த வேண்டும். முதல் எண்பதாயிரமும் அப்படியே நிற்கும். ஆடி பிறந்ததும் அப்பெண் பூப்பறிக்கச் சென்றாள். சூன் திங்களில் நம் சங்கம் அவளுக்கு ஒரு பை கொடுத்திருந்தது. அது நல்ல பைதான். பூத்தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோக அதனையே பயன்படுத்துகின்றாள் என்று உடன்பயின்ற பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள்.

அவளை நிறுத்தியது பசியன்று, புத்தகம் இன்மையுமன்று. அந்நாலாயிரம் ரூபாய் வட்டி. அதே எண்பதாயிரம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியிற் கிடைத்திருக்குமாயின் மாதம் எண்ணூறு ரூபாயோடு முடிந்திருக்கும். எஞ்சிய மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்காக ஒரு பெண்ணின் கல்வி விற்கப்பட்டது. இக்கணக்கைப் போட்டுப் பார்க்கப் புலமை வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் பெருக்கல் போதும். வட்டி என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் கூடை என்று பொருள். பிரம்பாலோ ஓலையாலோ முடைந்து, நெல்லும் மீனும் பூவும் இட்டுச் செல்லும் கூடை. இக்காலத்து வட்டியோ வீட்டிலுள்ளதையெல்லாம் வாரிக்கொண்டு போகும் கூடையாயிற்று. 2003-இல் நம் மாநிலத்தில் கந்துவட்டித் தடைச்சட்டம் வந்தது. சட்டம் வந்த நாளுக்குப் பின்னும் யான் பலமுறை வகுப்பிற் பெயர் நீக்கியிருக்கின்றேன்.

இந்நோயை நம் மாவட்டத்திலேயே ஒருவர் அறிந்து, நெடுங்காலம் அதற்கு மருந்து தேடி உழைத்திருக்கின்றார் என்பதை நம்மவருட் பலர் அறியார். 2012-ஆம் ஆண்டு மணிலாவில் இராமன் மகசேசே விருது பெற்ற குழந்தை பிரான்சிஸ் என்பவரைக் கூறுகின்றேன். பிலிப்பைன்சு நாட்டுக் குடியரசுத் தலைவராயிருந்து 1957-இல் மறைந்த மகசேசேயின் பெயரால் ஆசிய நாட்டவர்க்கு வழங்கப்படும் விருது அது.

பிரான்சிஸ் சேலம் மாவட்டத்தில் ஏழைக்குடும்பம் ஒன்றிற் பிறந்தவர். அக்குடும்பத்தில் கல்லூரிவரை சென்றவர் அவர் ஒருவரே. அவரைப் படிக்கவைக்கக் கடுவட்டிக்குக் கடன் வாங்கினர். இறுதியில் அவர்களுக்கிருந்த சிறு நிலத்தைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். கல்விக்காக வாங்கிய கடன் நிலத்தை விழுங்கியது அவ்வீட்டில். மருந்துக்காக வாங்கிய கடன் கல்வியை விழுங்கியது என் மாணவி வீட்டில். இளமையில் அவர் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றிற் சேர்ந்து பயின்றார். வங்கதேசப் போரால் அகதிகளாய் வந்தோர்க்குத் தொண்டு செய்தார். 1979-இல் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஐ.வி.டி.பி. என்று ஆங்கில முதலெழுத்துகளாற் கூறினால் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தாய்மார்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.

அவர் முதலிற் செய்தவை மிகச் சிறியவை: ஓர் இரவுப்பள்ளி, ஒரு முதலுதவி நிலையம். நம் சங்கமும் செய்யக்கூடியவையே. ஆயின் மழை பொய்த்த ஊரில் இரவுப்பள்ளிக்கு யார் வருவர்? கிணறு வற்றினால் தகப்பன் பிழைப்புத் தேடி பெங்களூருக்கோ கேரளத்துக்கோ செல்வான், தாய் உடன் செல்வாள், பிள்ளையும் செல்லும். ஆகவே நீரும் மண்ணும் காக்கும் வேலை தொடங்கிற்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் 60 கிராமங்களில் 331 சிறு தடுப்பணைகள் கட்டப்பெற்றன. தடுப்பணை என்றால் கிருஷ்ணகிரி அணையைப் போன்ற பேரணையை நினைத்துக்கொள்ளற்க. ஓடையின் குறுக்கே எழுப்பப்படும் குறுஞ்சுவர் அது. மழைநீர் ஓடிப்போகாமல் அங்கே சிறிது நின்று, மண்ணுக்குள் இறங்கி, கீழ்ப்புறத்துக் கிணறுகளில் ஊறும். புகழ்பெறக்கூடிய வேலையன்று. 331 இடங்களில் கல்லைச் சுமந்து அடுக்குவதற்கு இருபத்திரண்டு ஆண்டு பொறுமை வேண்டும். ஒரு நாள் விழாவுக்குப் பந்தற்காலை நட்டு மறுநாள் பிடுங்கும் நமக்கு அப்பொறுமை இருக்கின்றதா என்று எண்ணிக்கொள்கின்றேன்.

1989-ஆம் ஆண்டு நம் பகுதிக்கு ஒரு திருப்பம். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களை முதன்முதலிற் கட்டியது பிரிவுபடாத தருமபுரி மாவட்டத்திலேதான். தமிழ்நாடெங்கும் பின்னர்ப் பரவிய அவ்வியக்கத்தின் பிறந்தவீடு நம் மண்ணே. அதே ஆண்டிலேயே பிரான்சிசின் அமைப்பும் மகளிர் குழுக்களைச் சேர்க்கத் தொடங்கியது. 2012-இல் விருது பெற்றபோது 8,231 குழுக்களும், அவற்றில் 1,53,990 பெண்களும் இருந்தனர். வகுத்துப் பார்த்தேன், ஒரு குழுவுக்குப் பதினெட்டுப் பத்தொன்பது பேர் வருகின்றது. ஒரு தெருவில் ஒருவரை ஒருவர் முகமறிந்து, யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதைக் கேளாமலே அறியக்கூடிய அளவு அது.

அக்குழு நடக்கும் முறையை ஆடவர் பலர் அறியாமையால் சிறிது விரித்துரைக்கின்றேன், தாய்மார்கள் பொறுத்துக்கொள்க. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒன்றுகூடுகின்றனர். வாரந்தோறுமோ திங்கள்தோறுமோ கூட்டம். ஒவ்வொருவரும் ஒத்த தொகை சேமிப்பாக வைப்பர். ஊக்குநர் ஒருவரும் பிரதிநிதிகளும் தேர்ந்தெடுக்கப்படுவர்; வங்கிக் கணக்கில் தனியொருவர் பணமெடுக்க இயலாது, கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு ஆகியவற்றைக் கூட்டத்தின் நடுவே வைத்து எழுதுவர். சேர்ந்த பணத்தினின்று குழுவே உறுப்பினர்க்குக் கடன் தரும். யார்க்கு முதலில் என்பதை எல்லோரும் கூடி முடிவு செய்வர். ஆறு திங்கள் ஒழுங்காக நடந்த குழுவைத் தரம்பார்த்து வங்கி கடன் வழங்கும். 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு சோதனையாகத் தொடங்கிய இணைப்புத் திட்டமே இதற்கு வழிசெய்தது. கடனுக்கு வரும் வட்டியும் குழுவின் பொதுப்பணத்தையே சேரும். தான் கட்டிய வட்டியில் தனக்கும் பங்குண்டு என்பதைப் பெண்கள் அறிவர். ஒருத்தி தவணை தவறினால் ஏன் தவறினாள் என்பது மற்றவர்க்குத் தெரியும். நோயென்றால் பொறுப்பர்; வீண்செலவென்றால் முகத்துக்கு நேரே கேட்பர். இந்தக் கேள்வியின் கூர்மை எந்த வங்கி மேலாளரிடத்தும் இல்லை.

ஐ.வி.டி.பி. குழுக்களில் வீடு கட்டவும், கழிவறை அமைக்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் கடன் பெற்றோர் உண்டு. தாயின் கையிற் பணம் புழங்கினால் அது பிள்ளையின் வயிற்றுக்கும் பள்ளிக்கும் செல்லும் வழி குறுகியது. தந்தையின் கையிலோ இடையிற் கடைகள் பல. இவ்விடத்தில் நம் தொரப்பள்ளியிற் பிறந்த இராசாசி நினைவுக்கு வருகின்றார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்தபோது, 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கை முதன்முதல் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்திலே. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. இன்று அதே ஊர்களில் இருபுறமும் இரண்டு மாநிலத்துக் கடைகளுக்கு நடுவே நம் குடியானவன் நிற்கின்றான். எந்தப் புறம் விலை குறைவு என்பதை அவனுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2012-இல் பிரான்சிசோடு அதே மேடையில் விருது பெற்ற பெண்மணி ஒருவரையும் இங்கே கூறாதிருக்க இயலவில்லை. தைவான் நாட்டில் தைதுங் என்னும் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்ற சென் ஷு-சூ என்பவர். அவர் சிறுமியாயிருந்தபோது தாய் மகப்பேற்றில் துன்புற்றாள். முன்பணம் கட்டினாலன்றி மருத்துவமனையிற் சேர்த்துக்கொள்ளார். தந்தை பணம் புரட்டித் திரும்புவதற்குள் தாய் இறந்துபோனாள். தொடக்கப்பள்ளியோடு கல்வியை நிறுத்தித் தாயின் கடையில் அமர்ந்தாள் அச்சிறுமி. அரைநூற்றாண்டு கீரையும் காயும் விற்று, தனக்கென்று எளிய உணவும் உடையும் கொண்டு, மிஞ்சியதையெல்லாம் தான் படித்த பள்ளிக்கு நூலகம் கட்டவும் ஏழைப்பிள்ளைகளைப் பேணவும் கொடுத்தார். இதுதான் ஈகை, அதன் உச்சம். மேடையில் ஒருவர் ஈகைக்கும் மற்றொருவர் ஒப்புரவுக்கும் நின்றனர் போலும் என்று யான் வகுப்பில் சொல்வதுண்டு. இருவர் வாழ்வும் ஒரே இடத்தில் தொடங்கியதைக் காண்க: தேவையான நாளில், தேவையான சிறுதொகை, மானத்தோடு கிடைக்கவில்லை.

குழுக்கடன் என்றவுடன் எல்லாம் நன்மையே என்று கொள்ளவும் கூடாது. வங்கதேசத்தில் முகம்மது யூனுசு 1976-இல் சோப்ரா என்னும் கிராமத்தில் தொடங்கிய சிறுகடன் முறை 1983-இல் கிராமீன் வங்கியாகி, 2006-இல் அவர்க்கும் அவ்வங்கிக்கும் நோபல் பரிசு தந்தது. அப்புகழைக் கண்டு ஆதாயம் கருதிய நிறுவனங்கள் பல இந்தியாவிலும் புகுந்தன. சேமிப்பில்லை, கூட்டமில்லை, ஐந்து பெண்களை நிறுத்திப் படமெடுத்துப் பணம் தருவர், வாரந்தோறும் விடிந்ததும் வசூலுக்கு வருவர். ஒரு நிறுவனத்துக் கடனைக் கட்ட இன்னொன்றில் வாங்கி, அதனைக் கட்ட மூன்றாவதில் வாங்கி, 2010-இல் ஆந்திரத்தில் நேர்ந்த துன்பத்தால் அவ்வரசு அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. நம் மாநிலத்திலும் கடன் வசூலிற் கொடுமை செய்வோரைத் தடுக்க 2025-இல் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ஓசூர்த் தெருக்களில் காலை ஏழு மணிக்கு இருசக்கர வண்டியில் தோற்பை மாட்டி வருவார் யாரென்று அறிய வேண்டுமாயின், உங்கள் வாடகை வீடுகளிற் குடியிருக்கும் பெண்களைக் கேளுங்கள். தன் சேமிப்பிலிருந்து தானே கடன் கொள்வது வேறு. கடன் விற்க வந்தவனிடம் கொள்வது வேறு. பெயர் இரண்டுக்கும் "குழு" என்பதே. இந்தப் பெயர்மயக்கத்தாற் கெட்ட குடும்பங்கள் எம் பள்ளியிலும் உண்டு.

நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. சென்னை மாகாணத்தில் வேளாண் கடன் நிலையை 1890-களில் ஆராய்ந்த நிக்கல்சன் என்னும் அதிகாரி, செருமனியில் இரைபைசன் கண்ட முறையைப் போன்ற கூட்டுறவு நாணயச் சங்கங்கள் வேண்டுமென்று எழுதினார். 1904-இல் சட்டம் வந்தது. அவ்வாண்டே செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. ஆயின் நிலமும் பெயரும் உடைய ஆடவர்க்கே அச்சங்கங்களின் கதவு எளிதாகத் திறந்தது. நிலமில்லாத பெண்ணுக்கு நெடுங்காலம் திறக்கவில்லை.

இனி நம் சங்கத்துக்கு வருகின்றேன். கடந்த கூட்டத்தில் ஒரு பெரியவர், கல்விநிதி நம் குலத்தார் நம் குலத்துக்கென்று கொடுத்தது. அதனைப் பிறர்க்கு எடுத்து வழங்க நமக்கு உரிமையில்லை என்றார். அவர் சொல் முறையானதே. கொடுத்தவர் மறைந்துபோயினும் அவர் எண்ணம் மறைவதில்லை. அந்நிதியின் முதலை யாரும் தொட வேண்டா. ஆயின் அவர் கூறாது விட்டது ஒன்றுண்டு. நம் குலத்து வறியவரும் பிற குலத்து வறியவரும் ஒரே வரிசை வீட்டில், ஒரே குழாயில் நீர் பிடித்து வாழ்கின்றனர். ஒரே வட்டிக்காரனிடம் கைநீட்டுகின்றனர். ஐ.வி.டி.பி. குழுக்கள் தெருவை எல்லையாகக் கொண்டன. சாதியைக் கொண்டிருப்பின் பதினெட்டுப் பேர் சேர்ந்திருக்கமாட்டார். நம் பெண்களிலேயே பலர் அவ்வாறான பொதுக்குழுக்களில் உறுப்பினராயிருக்கின்றனர். அங்கே அவர்கள் நமக்கு முன்னே நடந்துவிட்டனர். ஆகவே பழைய நிதி பழையபடியே இருக்க, புதிதாக ஓர் இடர்நிதி தொடங்கலாமென்பது என் விண்ணப்பம். அதற்கு இவ்வாண்டு முதல் தனியே சந்தா திரட்டுக. அதில் ஓசூரிலும் சுற்றூர்களிலும் பள்ளியிற் பயிலும் எந்தப் பிள்ளையின் வீட்டுக்கும், நோய், சாவு, வேலையிழப்பு நேர்ந்த அந்த வாரத்திலேயே, வட்டியின்றிக் கைமாற்று வழங்கலாம். சூன் மாதத்தில் அன்று. இடர் வந்த மாதத்தில். பெறுபவர் தாயாக இருக்கட்டும். திருப்பித் தருதல் சிறுதவணையில். பிள்ளை நின்றுபோகும் அறிகுறியை முதலில் அறிபவர் ஆசிரியராதலின், செய்தி தருவது எம்மைப் போன்றார் வேலை. கணக்கு எழுதி வைப்பதற்கு மூவர் வேண்டும். அவருள் இருவரேனும் சுய உதவிக் குழுவிற் பழகிய பெண்களாக இருத்தல் வேண்டும். நம்முட் கல்லூரி கற்ற ஆடவரைவிட அவர்களுக்குக் கணக்கு நன்றாக வரும்; யான் பார்த்திருக்கின்றேன்.

திருப்பித் தராதார் வரின் என் செய்வது என்று பொருளாளர் கேட்டார். சிலர் தரமாட்டார். தமிழிற் கடன் என்பதற்குத் திருப்பித்தர வேண்டிய பொருள் என்றும், செய்யவேண்டிய முறைமை என்றும் இரண்டு பொருள் உண்டு. முதலாவது கடன் அவர்களுடையது, இரண்டாவது நம்முடையது. பத்துப் பேருக்குக் கொடுத்து இருவர் தவறினும், எட்டுப் பெயர் வருகைப்பதிவேட்டில் நிற்கும்.

மற்றொரு சிறு வேண்டுகோள். பை வழங்கும்போது மேடையில் நிறுத்திப் படமெடுத்து நம் இதழில் அச்சிடும் வழக்கத்தை விட்டுவிடலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாணம் உண்டு. சென்ற ஆண்டுப் படத்திலிருந்த பையன் ஒருவனை வகுப்பில் மற்றவர் "சங்கத்துப் பை" என்றே பெயரிட்டு அழைத்தனர். அவன் அதனை ஒரு கிழமைக்குப் பின் கொண்டுவரவேயில்லை. பைகளைத் தலைமையாசிரியரிடம் சேர்ப்பித்துவிட்டால் அவர் உரியார்க்கு உரியவாறு கொடுத்துவிடுவார். நன்கொடையாளர் பெயரை மட்டும் அச்சிடுவோம்; அதற்கு எவரும் நாணார்.

இடர்நிதிக்கு இன்று இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறுமோ, அடுத்த செயற்குழுவுக்குத் தள்ளப்படுமோ அறியேன். எதற்கும் ஆகட்டுமென்று நேற்று மாலை கடைத்தெருவில் ஒரு பேரேடும் ஒரு ரொக்கப் புத்தகமும் வாங்கி வந்தேன். இரண்டையும் இதோ மேசைமேல் வைக்கின்றேன். முதற்பக்கத்தில் என் சந்தா ஐந்நூறு ரூபாயைக் குறித்துள்ளேன். பணம் பொருளாளரிடம் இருக்கின்றது. அடுத்த வரி வெறுமையாக இருக்கின்றது. எழுதுகோல் அவைத்தலைவரிடம் உண்டு.